ரோவனியெமி மாணவர் உணவகம்: சூரியனோடு திறந்து சூரியனோடு மூடும் சாப்பாட்டுக் கூடம்

பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில், ரோவனியெமி நகரத்தில் இரண்டு ஆண்டுகள் முதுகலை படித்தபோது, வார நாட்களில் அநேகமாக ஒவ்வொரு மதியமும் நான் சாப்பிட்டது வளாகத்து மாணவர் உணவகத்தில்தான். விடுமுறைகளையும் காய்ச்சலில் படுத்த நாட்களையும் கழித்துப் பார்த்தாலும் முந்நூறு தட்டுகளுக்குக் குறையாது. ஓர் உணவகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அந்தக் கணக்குப் போதும் என்று நினைக்கிறேன். உணவகத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அந்நாட்டு மாணவர் உணவகங்கள் எல்லாமே ஒரே விதிக்கு உட்பட்டு, ஏறத்தாழ ஒரே முறையில் நடப்பவை என்பதால், ஒன்றைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பொருந்தும். அங்கே படிக்கப் போகவிருக்கும் நம்மவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சுவை எப்படி என்று மட்டும் கேட்பவர்களுக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன்: நம் நாக்குக்கு உப்பும் போதாது, உறைப்பும் போதாது. இருந்தும் திரும்பிப் போனால் முதல் நாளே அந்த வரிசையில் போய் நிற்பேன். அதற்கான காரணங்களே இனி வருபவை.

விலையிலிருந்து தொடங்குவதே முறை. நான் படித்த காலத்தில் ஒரு சாப்பாடு 2.95 யூரோ. அதே நகரத்தில் வெளியே ஒரு சாதாரண உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று யூரோ கொடுக்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அரசு மானியம். 'கேலா' என்று எல்லோரும் அழைக்கும் சமூகக் காப்புறுதி நிறுவனம், உயர்கல்வி மாணவர் சாப்பிடும் ஒவ்வொரு தட்டுக்கும் உணவகத்துக்கு ஒரு தொகையைத் தருகிறது. மாணவரிடம் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் அரசே நிர்ணயிக்கிறது. மானியம் பெறும் தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: முதன்மை உணவு ஒன்று, அதனுடன் உருளைக்கிழங்கோ சோறோ, பச்சைக் காய்கறி, ரொட்டி, அதில் தடவிக்கொள்ளக் கொழுப்பு, குடிக்கப் பாலோ அதற்கு ஈடான ஒன்றோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களுக்கு 2017 முதல் அங்கே கல்விக் கட்டணம் உண்டு. ஒன்றியத்து மாணவர்களுக்கு இல்லை. வங்கிக் கடன் வாங்கிச் சென்ற எனக்கு அந்த வேறுபாடு எப்போதும் உறுத்திக்கொண்டிருந்தது என்பதை மறைக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் மட்டும் அந்தப் பாகுபாடு கிடையாது. மாணவர் அட்டையைக் காட்டினால் எல்லோருக்கும் அதே விலைதான்.

அட்டை பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது பெரும்பாலோர் அட்டையைக் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறார்கள். பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக் குளிரில் இரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வரும்போது, மேற்சட்டையின் வெளிப்பையில் கிடக்கும் கைப்பேசி, நாற்பது விழுக்காடு மின்னூட்டம் இருக்கும்போதே அணைந்துவிடும். அட்டை இல்லையென்றால் மானியம் இல்லை, முழு விலை. முதல் சனவரியில் இரண்டு முறை அப்படி முழு விலை கொடுத்துவிட்டு, அதன்பின் கைப்பேசியை உள்சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு வரப் பழகினேன்.

அரசு செலவில் சாப்பாடு போடுவது அந்நாட்டில் நேற்று முளைத்த பழக்கமன்று. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு தர வேண்டும் என்ற சட்டம் அங்கே 1943-இல், போருக்கு நடுவே இயற்றப்பட்டு, 1948 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவையும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவையும் அறிந்த ஊரிலிருந்து போனவன் என்பதால், தட்டேந்தி வரிசையில் நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை. அடுக்கிலிருந்து ஒரு தட்டத்தை எடுத்து, பச்சைக் காய்கறிகளை முதலில் போட்டுக்கொண்டு, பிறகு சூடான பாத்திரங்களுக்கு நகர வேண்டும். வரிசையின் தொடக்கத்தில் ஒரு மாதிரித் தட்டின் படம் ஒட்டியிருக்கும்: பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு கிழங்கு அல்லது சோறு, கால் தட்டு இறைச்சியோ மீனோ பருப்போ. நம் வழக்கப்படி முக்கால் தட்டுச் சோறு போட்டுக்கொண்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். மீன் துண்டு, வடை போன்றவற்றுக்கு மட்டும் ஆளுக்கு இத்தனை என்று ஒரு சீட்டு நிற்கும். ரொட்டியை யாரும் எண்ணுவதில்லை. மாதக் கடைசியில், ரை என்ற தானியத்தில் செய்த அந்தக் கம்பு நிறத்து ரொட்டிதான் என்னைக் காப்பாற்றியது.

திறக்கும் நேரம் காலை 10:30. மூடுவது 1:30, சில நாட்கள் இரண்டு மணி. செப்டம்பரில் போய் இறங்கிய புதிதில், பத்தரை மணிக்கு யார் மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டு, ஒன்றேகாலுக்குப் போய்க் காலிப் பாத்திரங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். அந்த நேரக் கணக்கின் அருமை நவம்பர் கடைசியில்தான் புரிந்தது. ஆர்க்டிக் வட்டக் கோடு ரோவனியெமி நகர மையத்துக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டரில் செல்கிறது. குளிர்காலத்தில் சூரியனே எழாத நாட்கள் அந்தக் கோட்டுக்கு வடக்கேதான். எனவே நகரத்தில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களிலும் சூரியன் பெயருக்குத் தலைகாட்டும். எழுவது 11 மணிக்குச் சற்றுப் பின், மறைவது 1:30-க்குச் சற்று முன். அதாவது உணவகம் திறந்த சிறிது நேரத்தில் சூரியன் வரும், உணவகம் மூடுவதற்குள் சூரியன் போய்விடும். காலை எட்டு மணி வகுப்புக்கு இருட்டில் வந்து, மூன்று மணிக்கு இருட்டில் வீடு திரும்பும் ஒரு மாணவருக்கு, பகல் என்று ஒன்று இருந்ததற்கான சாட்சி அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் கிடைக்கும். எங்கள் கூடத்தின் தெற்குச் சன்னல் வரிசையில் பைன் மரங்களின் தலைக்கு மேலே ஒரு ஆரஞ்சுக் கோடு ஓடும். அந்தச் சன்னலோர இடங்களுக்காகவே பதினொன்றரை மணிக்குப் போட்டி நடக்கும். விடுதி அறையில் ஆறு நாள் படுத்தே கிடந்த ஒரு நண்பரை, வா, சாப்பிட்டுவிட்டாவது படு என்று இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். காமோஸ் என்று அவர்கள் அழைக்கும் இருண்ட பருவத்தில் தூக்கமும் விழிப்பும் தடம் புரண்டுவிடும். உடம்புக்கு நேரம் சொல்ல வேறு எதுவும் இல்லாதபோது, தினமும் ஒரே வேளையில் கிடைக்கும் சூடான தட்டு கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது. இந்த உணவகத்துக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இதற்காகவே.

பாலையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தத் தட்டத்தில் ஒரு குவளைப் பால் இல்லாமல் எந்தப் பின்லாந்துக்காரரையும் காண்பது அரிது. வளர்ந்தவர்கள் சோற்றோடு பால் குடிப்பதைப் பார்த்து முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வெயில் இல்லாத நாட்டில் உடம்புக்குத் தேவையான வைட்டமின் டி போதாது என்பதால், 2003 முதல் அங்கே விற்கப்படும் பாலிலும், ரொட்டியில் தடவும் கொழுப்பிலும் அதைச் சேர்த்து வருகிறார்கள். 2010-இல் அந்த அளவு இரட்டிப்பாக்கப்பட்டது. நம் கறுத்த தோல் குறைந்த வெயிலில் இன்னும் குறைவாகவே அந்த வைட்டமினை உண்டாக்கும் என்பதால், தமிழ் மாணவர்கள் அந்தக் குவளையை ஒதுக்காமல் இருப்பது நல்லது.

பால் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாய் இருக்கும். அதில் வருவது 'பீமா'. புளிக்க வைத்த பால். நம் மோரைவிடக் கெட்டி, தயிரைவிட இளகல், புளிப்பு மிதம். முதல் மாதம் முழுவதும் அதை ஏதோ பழச்சாறு என்று கடந்துபோன நான், ஒரு நாள் தவறிப்போய்ப் பிடித்துக் குடித்தபின், அக்கணமே எழுந்து போய்ச் சோறு வாங்கி வந்தேன். வெள்ளைச் சோறு போடும் நாட்களில் ஒரு கிண்ணத்தில் சோற்றையும் பீமாவையும் பிசைந்து, உப்புத் தூவி, பையில் மறைத்து வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவதே பிற்பாடு என் வழக்கமாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழன் நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்திருந்துவிட்டு, இது உங்கள் நாட்டிலும் உண்டா என்று மட்டும் கேட்டான். தயிர்சாதம் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அடுத்த வாரம் அவனும் அதேபோல் பிசைந்து, ஊறுகாயில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பிறகு இரண்டு குவளைப் பால் குடித்தான்.

இனி உணவு வகைகள். வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் அடுப்பில் சுட்ட பான்கேக்கும். இது அந்த நாடு முழுவதும் பரவிய பழக்கம். வெள்ளிக்கிழமை நோன்புக்கு முன் வயிறாரச் சாப்பிடும் கத்தோலிக்கக் கால வழக்கத்தின் மிச்சம் என்பார்கள். காய்ந்த பச்சைப் பட்டாணியைக் குழைய வேகவைத்து, கடுகு விழுதை மேலே பிழிந்து கலக்கிச் சாப்பிட வேண்டும். இறைச்சி சேர்த்த பாத்திரமும் சேர்க்காத பாத்திரமும் தனித்தனியாக இருக்கும். கொஞ்சம் மிளகுத் தூளை அள்ளிப் போட்டால் நம் வீட்டுப் பருப்புக் கடையலுக்கு அருகில் வந்துவிடும். முந்நூறு தட்டுகளில் நான் மனமார விரும்பிய சில உணவுகளுள் இதுவும் ஒன்று. விரற்கடை தடிமன் பான்கேக்கும் மேலே இடும் பழக்கூழும் வேறு பேச்சுக்கு இடமின்றி நன்று. ஏரிகளில் பிடிபடும் முய்க்கு என்ற சிறு மீனை ரை மாவில் புரட்டிப் பொரித்துத் தரும் நாளும் அப்படியே. முள்ளோடு மென்று தின்னலாம். நெத்திலி வறுவலில் வளர்ந்தவர்கள் இரண்டாம் முறை வரிசையில் நிற்பார்கள். சால்மன் சூப்பு, பாலும் உருளைக்கிழங்கும் சோயிக்கீரை போன்ற டில் இலையும் சேர்ந்து, மணம் பிடித்தவர்களுக்கு அமுதம். எனக்கு ஓராண்டு பிடித்தது பழகுவதற்கு.

துருவ மான் இறைச்சி லாப்லாந்தின் அடையாள உணவு; சீவல் சீவலாக அரிந்து நெய்ப்பதமாக வதக்கி, மசித்த கிழங்கும் புளிப்பான லிங்கன்பெர்ரிப் பழமும் சேர்த்துத் தருவார்கள். விலை அதிகம் என்பதால் மாணவர் தட்டில் அது வருவது அபூர்வம், வந்த அன்று வரிசை வெளிக்கதவு வரை நீளும். ஈரல் அவியல் வகைக்கும் மக்கரோனிப் பாத்திரத்துக்கும் நான் சொல்ல ஒன்றும் இல்லை. பசி இருந்தால் இறங்கும். பட்டியலில் 'இந்தியக் கோழிக் குழம்பு' என்று கண்டால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மஞ்சள் நிறமும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் இருக்கும், இந்தியா இருக்காது. வேறு பெயரில் வந்திருந்தால் நல்ல குழம்பு என்று பாராட்டியிருப்பேன்.

ஊருக்கு ஒரு பண்டிகை உண்டல்லவா, அதற்குரிய தின்பண்டமும் இந்தக் கூடத்தில் காலம் தவறாமல் வரும். டிசம்பரில் பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சி, அதில் ஒளித்த ஒரு பாதாம் பருப்பு. பிப்ரவரி 5-ஐ ஒட்டி ரூனெபெரி என்ற கவிஞர் பெயரிலான சிறு கேக்கு. ஈஸ்டரில் மெம்மி என்ற கறுத்த ரைக் களி. கேழ்வரகுக் களியை நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் ஏமாற்றம் குறையும். மே முதல் நாளுக்குத் திப்பலேய்பா என்று ஒன்று: மாவை எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து பொரித்தது, பார்வைக்குச் சாட்சாத் ஜாங்கிரி. பாகில் போட மறந்துவிட்டார்களே என்று அங்கலாய்த்துக்கொண்டே மூன்று தின்றேன்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். தினமும் குறைந்தது ஒரு சைவ உணவு கட்டாயம் இருக்கும்; பீட்ரூட் வடை, அவரைப் பருப்புக் குழம்பு, ஓட்ஸ் புரதத்தில் செய்த உதிரி, கீரை அடை என்று வகையும் குறைவில்லை. ஆனால் பட்டியலில் 'காஸ்விஸ்' என்று இருந்தால் முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்ந்திருக்கக்கூடும். 'வெகானி' என்று இருந்தால் மட்டுமே அவை இரண்டும் இல்லை. முட்டை சாப்பிடாத நம்மவர்கள் பலர் முதல் சொல்லை நம்பிவிட்டுப் பிறகு வருந்தியிருக்கிறார்கள். இறைச்சி பெயர்களையும் கற்றுக்கொள்ள வேண்டும்: 'நவ்த்தா' மாடு, 'சிகா' அல்லது 'பொஸ்ஸு' பன்றி, 'போரோ' துருவ மான். மற்ற இரண்டையும் ஒரு தமிழர் மறக்கவே முடியாது: 'கனா' என்றால் கோழி, 'கலா' என்றால் மீன். எங்கள் தெருவில் கலா என்று இரண்டு அக்காமார் இருந்ததால் அந்தப் பட்டியலை நெடுநாள் சிரிக்காமல் படிக்க முடியவில்லை.

கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே உறைபனி, உள்ளே மேற்சட்டையின்றி உட்காரக்கூடிய இதமான சூடு. இரட்டைக் கதவைத் தாண்டியவுடன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. மேற்சட்டை, குல்லாய், கையுறை எல்லாவற்றையும் நுழைவாயிலில் வரிசையாக உள்ள கொக்கிகளில் மாட்டிவிட்டுப் போவதே வழக்கம். காவல் யாரும் இல்லை. என் விலையுயர்ந்த குளிர்ச்சட்டையை அப்படி விட்டுவிட்டு வர எனக்கு இரண்டு மாதம் மனம் ஒப்பவில்லை, மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்; இரண்டாண்டில் யார் பொருளும் காணாமற்போனதாகக் கேள்விப்படவில்லை. பேச்சுச் சத்தம் குறைவு. ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் வந்து உட்காருபவர் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. தனிமையில் வாடும் புதிய மாணவருக்கு இது முதலில் சுவராகத் தோன்றும். எனக்கோ தேர்வுக் காலங்களில் அது பெரிய ஆறுதலாக இருந்தது. சாப்பிட்டு முடித்தபின் மிச்சத்தை வாளியில் வழித்துப் போட்டுவிட்டு, தட்டத்தை நகரும் பட்டையில் வைக்க வேண்டும். வாளிக்கு மேலே, முந்தைய நாள் எத்தனை கிலோ உணவு வீணானது என்று எழுதியிருப்பார்கள். என் அம்மா சொன்னால் கேட்காத நான், அந்தப் பலகைக்குப் பயந்து தட்டைக் காலி செய்யக் கற்றேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இருள் மிகுந்த நாட்களிலேயே உணவகம் மூடியிருப்பது. கிறிஸ்துமசுக்குச் சில நாள் முன்பு கதவைச் சாத்தினால் சனவரி தொடங்கிச் சில நாள் கழித்தே திறப்பார்கள். உள்ளூர் மாணவர்கள் வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். விமானச் சீட்டு வாங்க வழியற்ற வெளிநாட்டு மாணவர்கள்தான் காலியான விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். மேலே நான் கடிகாரம் என்று புகழ்ந்தது, அது மிகவும் தேவைப்படும் மூன்று வாரங்களில் ஓடுவதில்லை. அந்த நாட்களுக்கென்றே பொதுச் சமையலறையில் கூட்டாகச் சமைக்க ஒரு குழுவை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். மைசூர்ப் பருப்பு அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம், சாம்பார்ப் பொடி ஆகியவற்றை ஊரிலிருந்து கொண்டுபோவதே உத்தமம்.

இரண்டாவது, வெகானி உணவு பன்னிரண்டரை மணிக்குள் தீர்ந்துவிடுவது. அதைச் சாப்பிடுபவர்கள் ஒவ்வோராண்டும் கூடிக்கொண்டிருக்க, அளவை மட்டும் பழைய கணக்கிலேயே சமைக்கிறார்களோ என்று ஐயம். கருத்துப் பெட்டியில் மூன்று முறை எழுதிப் போட்டேன். மூன்றாம் முறைக்குப் பின் பாத்திரம் கொஞ்சம் பெரிதாயிற்று, அது என்னால்தான் என்று இன்றும் நம்புகிறேன். மூன்றாவது, கிழங்கு. வாரத்தில் நான்கு நாள் வேகவைத்த உருளைக்கிழங்கு என்பது அந்நாட்டவருக்குச் சோறு. நமக்கு அது தொடுகறி. தொடுகறியையே சோறாகத் தின்று தொடுகறிக்கு ஏங்கும் நிலை அது. காய்கறி மேசையும் பிப்ரவரிக்குப் பின் துருவிய கேரட், முட்டைக்கோசு, பீட்ரூட் என்று சுருங்கிவிடும். காபிக்குத் தனிக் காசு. சனி, ஞாயிறு விடுமுறை. கோடையில், நள்ளிரவிலும் சூரியன் மறையாத சூன் மாதத்தில், நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்போது ஆற்றங்கரையில் இரவு பதினோரு மணிக்கு வெயிலில் உட்கார்ந்து ரொட்டி தின்பவர்களுக்கு அது ஒரு குறையாகவே படாது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், சுவைக்கு இரண்டரை, விலைக்கு ஐந்து, டிசம்பருக்கு ஐந்து, டிசம்பர் 20-க்குப் பின் பூச்சியம். பீமாவுக்குத் தனியாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை மட்டும் பதினோரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பட்டாணி சூப்பு கடைசிவரை இருக்கும், பான்கேக்கு இருக்காது.